பங்களாவிலிருந்து வந்த பெயர்

ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. அந்த வேலையில் பெயர் அட்டையைக் கழற்றிவைக்க முடியாது. படுத்திருப்பவர்களின் கண்ணுக்கு நேராக அது சட்டையில் தொங்கும். மேல் வரியில் என் பெயர், நல்ல தமிழ்ப் பெயர். கீழ் வரியில் ‘மக்’ என்று தொடங்குகிற குடும்பப் பெயர். ஸ்கொட்லாந்தில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள். நோயாளிகள் அட்டையைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு மறுபடி அட்டையைப் பார்ப்பார்கள். அடுத்து என்ன கேட்பார்கள் என்று எனக்கு மனப்பாடம்.

“உங்களுக்கு எப்படி இந்தப் பெயர் வந்தது?”

நாள் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தால் “அது பெரிய கதை” என்று சிரிப்பேன். கால் வலித்தால் “அப்பாவின் பெயர்” என்று சொல்லிவிட்டு, ஜூஸ் மூடியைத் திறந்து வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவேன். பெரும்பாலும் கால் வலித்தது. மெல்பேர்னுக்கு வந்து இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் நல்ல எண்ணத்தோடு கேட்டாலும் பதில் சொல்ல வேண்டியவள் நான்தானே.

எங்கள் ஆட்களிடம் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அப்பாவின் பெயரில் முதல் எழுத்து முன்னால் வந்து நிற்கும், அத்தோடு சரி. எங்கள் வீட்டில் மட்டும் அப்பாவின் தாத்தா பெயர் கடைசியில் ஒட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வந்துவிட்டது. அவருக்கு வேறு பெயரே இருக்கவில்லை. இலங்கையின் மலைநாட்டில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து அறையில் பிறந்த ஒரு கூலிக்காரப் பிள்ளைக்கு, அந்தத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பெயர். ஏன் என்று கேட்டால், அவர் துரைக்குப் பிறந்தவர் என்பது பதில். இதுதான் எங்கள் குடும்பத்தில் சொல்லப்பட்டு வந்த கதை.

ஊரில் மற்றவர்கள் இந்தக் கதையைக் குசுகுசுவென்று சொன்னார்கள். அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அவருடைய கதையில், துரை தாத்தாவின் அம்மாவை, கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணை, முறைப்படி கல்யாணம் செய்திருந்தார். எந்தக் கோவிலில், யார் சாட்சி என்று கேட்டால் அப்பாவுக்குத் திடீரென்று தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. சின்ன வயதிலேயே அவரைப் படிப்புக்காக டவுனில் ஒரு மாமா வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அங்கே பள்ளிக்கூடத்தில் பையன்கள் ‘தோட்டக்காட்டான்’ என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் வளர்ந்ததும், நீ இந்த நாட்டுக்காரனே இல்லை என்று அரசாங்கமும் சொல்லிவிட்டது. மலைநாட்டுத் தமிழர்கள் எல்லோருக்கும் நடந்ததுதான். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத மனிதரை இந்தியாக்காரன் என்றார்கள். குடியுரிமை கைக்கு வந்தபோது அவருக்குத் தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அதுவரை அவரிடம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். யாராவது ஏளனமாகப் பார்த்தால் அதைத்தான் எடுத்து நீட்டினார். ஆசிரியராகி, தலைமை ஆசிரியராகி, ஓய்வும் பெற்று, அம்மா இறந்த பிறகு மெல்பேர்ன் நோபல் பார்க்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரிடம்கூடச் சொல்வார்.

2011ஆம் ஆண்டு குளிர்காலத்தில் எங்கள் வார்டுக்கு ஒரு வயதான அம்மா வந்தார். ஊர் பல்லாரட், மெல்பேர்னிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இங்கே மகளைப் பார்க்க வந்த இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவர். நான் சூப்பை வைத்தபோது கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு என் அட்டையைப் படித்தார். வழக்கமான கேள்வி வரப்போகிறது என்று நான் நகரத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை.

“அது என் பெயர்” என்றார். “என் சொந்தப் பெயர். கல்யாணத்துக்குப் பிறகும் நான் அதை விடவில்லை.”

அவர் வெறுமனே அந்தப் பெயரை வைத்திருப்பவர் மட்டுமல்ல. அந்தப் பெயருள்ள குடும்பங்களெல்லாம் சேர்ந்து பல்லாரட்டில் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், அவர்தான் செயலாளர். சூப் ஆறிப்போனது. சிலோனுக்குத் தேயிலை பயிரிடப் போன ஒருவர் அவர்களுடைய வம்சத்தில் உண்டாம், அவர் பிறகு என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாதாம். என் கையை அவர் விடவே இல்லை. எனக்குப் பின்னால் தட்டு வண்டி நின்றது, மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து அதை அப்பாவிடம் சொன்னேன். வாயை மூடிக்கொண்டு ரசத்தைத் தாளித்திருந்தால் அந்த வருடம் நிம்மதியாகப் போயிருக்கும்.

அன்று முதல் வீட்டில் வேறு பேச்சில்லை. அப்பா மறுநாளே ஷேவ் செய்து, கோட் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்து அந்த அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா வீடு திரும்பிய பிறகு பல்லாரட்டுக்கு வரச்சொல்லி அழைப்பு வந்தது. அவ்வளவு தூரம் யார் கார் ஓட்டுவது? நான்தான். கிழமை முழுக்க வேலை செய்துவிட்டு, எனக்கென்று கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில், வெஸ்ட் கேட் பாலத்தில் ஊர்ந்து, காற்றில் கார் ஆட ஆட அந்த ஊருக்குப் போய் வருவேன். அங்கே பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்து பிறந்தவர் இறந்தவர் கணக்குப் பேசுவார்கள். நான் ஒரு மூலையில் தேநீர்க் கோப்பையோடு தூங்கி வழிவேன். ஒரு தடவை தூங்கியேவிட்டேன். யாரோ என் மேல் கம்பளி போர்த்திவிட்டிருந்தார்கள்.

அவர்கள் நல்லவர்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். அப்பாவின் தட்டில் கேக் குறையவே விடமாட்டார்கள். அவர் தோட்டத்தைப் பற்றிச் சொன்னதையெல்லாம் கவனமாகக் கேட்டார்கள். ஒரே ஒரு தடவை மட்டும் அப்பாவுக்கு அதிர்ச்சி. பெயர் தொடங்கியது ஸ்கொட்லாந்தில்தான் என்றாலும், ஒரு கிளை கடலைத் தாண்டி அயர்லாந்துக்குப் போய் அங்கேயே தலைமுறைக் கணக்கில் வேரூன்றிவிட்டது என்று செயலாளர் அம்மா விளக்கினார். அங்கிருந்து தங்கம் தோண்ட வந்தவர்கள்தான் இந்தப் பல்லாரட்காரர்கள். சிலோன் துரையும் அந்த அயர்லாந்துக் கிளையாகத்தான் இருக்க வேண்டும் என்றார்.

திரும்பி வந்து வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் அப்பா கேட்டார்.

“அப்ப நான் ஐரிஷ்காரனா தாயி?”

எழுபத்தெட்டு வருடம் ஸ்கொட்லாந்துக்காரராக இருந்துவிட்டு ஒரே மத்தியானத்தில் நாடு மாறினால் யாருக்குத்தான் வருத்தம் வராது. என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். வாய் சும்மா இருக்காது. குசினியில் என்னிடம் மெல்லச் சொன்னார்.

“காலமை ஸ்கொட்லாந்து, பின்னேரம் அயர்லாந்து. உம்மட அப்பா எந்த நாட்டுக்காரனா வேணுமெண்டாலும் இருக்கட்டும். கறிக்கு உறைப்புக் காணாது எண்டு சொல்லேக்க மட்டும் பச்சைத் தமிழன்.”

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே களைப்பாகத்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் சங்கத்தில் ஒரு யோசனை வந்தது. யார் ஸ்கொட்லாந்துக் கிளை, யார் அயர்லாந்துக் கிளை என்று பிரித்துப் பார்க்க ஆண்களுக்கு ஒரு பரிசோதனை. அப்பனிடமிருந்து மகனுக்கு, அவனிடமிருந்து அவன் மகனுக்கு என்று பெரிய மாற்றமில்லாமல் வருகிற ஒன்று உடம்பில் இருக்கிறதாம். கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துத் தபாலில் அனுப்பினால் போதும், அமெரிக்காவில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்கும் ஒரு பெட்டி வந்தது.

துரை கதையை நான் முழுதாக நம்பியதும் இல்லை, நம்பாமல் இருந்ததும் இல்லை. ஆனால் நம்புகிறவர் ஒருவர் என் வீட்டில் இருந்தார்.

“வேணாம்ப்பா” என்றேன். “அவங்க சும்மாவே உங்களை நல்லாத்தானே கவனிக்கிறாங்க.”

“விருந்தாளியாக் கவனிக்கிறாங்க தாயி. சொந்தக்காரனாக் கவனிக்கல.” குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டே சொன்னார். “எனக்கும் ஒரு வம்சம் இருக்கு. இவன் எங்க ஆளுன்னு அவங்க வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா எனக்குப் போதும். அப்புறம் நிம்மதியாப் போயிருவேன்.”

பல் டொக்டரிடம் காட்டுவதுபோல வாயைத் திறந்தார். நான்தான் தேய்த்தேன்.

முடிவு வர மாதக்கணக்காகிவிட்டது. கோடை முடிந்து, நாள்கள் குறுகத் தொடங்கியபோது, வேலையிடத்தில் தேநீர் இடைவேளையில் கைபேசியில் அந்த மின்னஞ்சலைப் பார்த்தேன். செயலாளர் அம்மா மிகவும் யோசித்து, ஒவ்வொரு சொல்லையும் மெல்லப் பார்த்து எழுதியிருந்தார். அப்பா அவர்களுடைய எந்தக் கிளையோடும் பொருந்தவில்லை. ஸ்கொட்லாந்தும் இல்லை, அயர்லாந்தும் இல்லை. அப்பாவின் ஆண்வழி தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் சாதாரணமாகக் காணப்படுகிற ஒன்று. இதனால் எதுவும் மாறப்போவதில்லை, நீங்கள் எப்போதும்போல வர வேண்டும் என்று முடித்திருந்தார். மிச்சத் தேநீரைக் கொட்டிவிட்டு மதியத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கும் ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டார். “தெரியாது” என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சுற்றி வளைக்கிற தெம்பு எனக்கு இல்லை. முதலில், மறுபடி அனுப்பச் சொல் என்றார். குச்சியைச் சரியாகத் தேய்க்கவில்லை என்று என்னைத் திட்டினார். பிறகு அவருடைய முகம் மெதுவாக மாறியதைப் பார்த்தேன். அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார் என்று புரிந்தது.

“அப்ப எங்க தாத்தா யாரு புள்ள?”

அதுதான் அவரைச் சாய்த்தது. துரை மனைவி என்று அவர் தலையில் தூக்கிவைத்திருந்த பெண், இப்போது துரையையும் ஏமாற்றிய பெண்ணாகிவிட்டாள். துரையும் போய், மானமும் போய், மிச்சம் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிட்டார். அறைக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். ஷேவ் செய்யவில்லை. சோற்றைப் பிசைந்து வைத்தால் அப்படியே காய்ந்து கிடந்தது. நான் வேலைக்குப் போய் அந்நியர்களைச் சாப்பிடு சாப்பிடு என்று கெஞ்சிவிட்டு, வீட்டுக்கு வந்து அவரையும் கெஞ்சினேன். ஒரு நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அந்தத் துரை மட்டும் என் முன்னால் வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது.

கணவர்தான் வழி சொன்னார். அவர் கேலியை விட்டுவிட்டுப் பேசினால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

“அட்டனில மாமாவின்ர அக்கா இருக்கிறாவல்லோ. அவ தாத்தாவோட இருந்து வளர்ந்தவ. ஒருக்கா அவவோட கதைச்சுப் பாருமன்.”

அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை. அப்பாவை விடச் சில வயது மூத்தவர். அப்பா டவுனுக்குப் போன பிறகும் அவர் தோட்டத்திலேயே இருந்தவர். இப்போதும் பேரன் வீட்டில் அங்கேதான் இருக்கிறார். பேசினால் தொலைபேசி தேவையில்லை, அட்டனிலிருந்தே நேராகக் கேட்கும். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியைச் சத்தமாக வைத்தேன். அப்பா திரும்பவில்லை. நானே விஷயத்தைச் சொன்னேன், பரிசோதனை, முடிவு, சாப்பிடாமல் கிடப்பது எல்லாம்.

அத்தை வெடித்தார்.

“அவன்கிட்டக் குடு போன! டேய், எச்சியத் துப்பி அமெரிக்காவுக்கு அனுப்புனியாமே, ஒனக்கு எதுவும் புத்தி கெட்டுப்போச்சா? தாத்தா எப்படா தொரைக்குப் பொறந்தாரு? அவரு தவிட்டுக்கு வாங்குன புள்ளடா!”

அப்பா சுவரைப் பார்த்தபடியே, “என்னாக்கா சொல்ற?” என்றார்.

“தாத்தாவோட அம்மாவுக்கு முன்னாடி பொறந்த புள்ள ஒண்ணும் தங்கல. பொறக்கும், மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிக்கும், காச்சல் வந்து போயிரும். தாத்தா பொறந்ததும், இதையாச்சும் யாருக்காவது குடுத்துட்டுத் தவிட்டுக்குத் திருப்பி வாங்குங்கன்னு லயத்துல பெரியவங்க சொல்லியிருக்காங்க. வேற வீட்டுப் புள்ளன்னு நெனச்சு எமன் விட்டுட்டுப் போயிருவான்ல. யாருகிட்டக் குடுக்கறது? லயத்துல எந்தக் காம்பராவுல குடுத்தாலும் எமன் பழக்கப்பட்டவன், கண்டுபிடிச்சிருவான். அவ புருசன் பங்களா மாட்டுக்காரரு. எமனே வந்தாலும் பங்களாப் படி ஏற மாட்டான், தொரைக்குப் பயப்படுவான்னு அந்த மனுசன் நெனச்சிருக்காரு. புள்ளயத் தூக்கிட்டுப் போயித் தொரை காலடியில போட்டுட்டாரு.”

“தொரை என்னா பண்ணாரு?” அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

“பயந்துட்டாராம். பங்களாவுல சமைக்கிறவருதான் வெளக்கிச் சொல்லியிருக்காரு. அப்புறம் சிரிச்சுக்கிட்டே தூக்குனாராம். எம் புள்ளதான்னா எம் பேரையே வச்சுக்கன்னு சொல்லிட்டு, ஒரு கொத்து அளவு தவிட்ட வாங்கிக்கிட்டுப் புள்ளயத் திருப்பிக் குடுத்துட்டாரு. அந்தத் தவிடும் தொரை மாட்டுக்கு வச்சிருந்த தவிடுதான். வேற பேரு வச்சா எமனுக்குத் தெரிஞ்சிரும்னு கடைசி வரைக்கும் வேற பேரே வைக்கல. தாத்தா இத எத்தன வாட்டி சொல்லிச் சிரிச்சிருக்காரு தெரியுமா?”

தமிழ்ப் பிள்ளைகளில் தவிட்டுக்கு வாங்கியவள் என்று கேலி கேட்டு அழாதவர் யார்? நானும் அழுதிருக்கிறேன். உண்மையிலேயே தவிடு அளந்து கொடுத்து வாங்கிய ஒரு பிள்ளையின் வழியில் வந்தவள் நான் என்று அதுவரை தெரியாது. எத்தனையோ ஊர்களில் குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்துப் பிள்ளையைக் காப்பாற்றினார்கள். எங்கள் ஆட்களுக்குக் கையில் கிடைத்தது ஒரு ஸ்கொட்லாந்துப் பெயர், அல்லது அயர்லாந்துப் பெயர், எதுவோ ஒன்று.

“இத ஏன்க்கா என்கிட்டச் சொல்லல?”

“நீ எங்கடா கேட்ட? டவுன்ல படிச்சுட்டு வந்து, நாங்க தொரை வம்சம்னு நீயே ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்ச. நல்லாருக்கட்டும்னு விட்டுட்டேன். போயிச் சாப்புடு.”

அப்பா சாப்பிட்டார். சாப்பிடும்போது கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது, துடைக்கவில்லை. தாத்தாவைப் பெற்ற அந்தப் பெண்ணைப் பற்றி அவளுடைய சொந்த வம்சமான நாங்களே எவ்வளவு காலமாக என்னென்னவெல்லாம் பேசியிருக்கிறோம்! துரையோடு இருந்தாள் என்றோம், முறையாக இருந்தாளா முறையில்லாமல் இருந்தாளா என்று எங்களுக்குள்ளேயே வாதாடினோம். அவள் தன் புருஷனோடு லயத்து அறையில் வாழ்ந்தாள், பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகப் புதைத்தாள், கடைசிப் பிள்ளையாவது பிழைக்கட்டும் என்று பங்களாவுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு வாசலில் காத்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்தது. நாங்கள் பேசியதையெல்லாம் நினைக்க எனக்கு வெட்கமாக இருந்தது.

சங்கத்தின் வருடாந்த விருந்து நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா போக வேண்டும் என்றார். மின்னஞ்சலில் எழுதிவிடலாமே, நானே எழுதுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தூங்க வேண்டும் என்று நான் திட்டம் போட்டு வைத்திருந்தேன்.

“இல்ல தாயி. அவங்க வீட்ல ஒக்காந்து சாப்பிட்டிருக்கேன். நேர்ல போயிச் சொல்லணும்.”

அதற்கு மேல் வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. மறுபடியும் வெஸ்ட் கேட் பாலம், மறுபடியும் காற்று.

மண்டபத்தில் நல்ல கூட்டம். ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுத்துகிற கட்டம் போட்ட பாவாடை கட்டிய பெரியவர்கள், ஓடிப் பிடித்து விளையாடும் பிள்ளைகள், நீள மேசையில் இறைச்சி வைத்த பேஸ்ட்ரியும் சான்ட்விச்சும். சாப்பாடு முடிந்ததும் அப்பா எழுந்து நின்றார். தலைமை ஆசிரியர் ஆங்கிலம், நிறுத்தி நிறுத்தி. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

உங்கள் சொந்தக்காரன் என்று சொல்லிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன், அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டது என்று தொடங்கினார். பிறகு தவிட்டுக் கதையைச் சொன்னார், பங்களாப் படி ஏறப் பயந்த எமனையும் விடவில்லை. உங்கள் வீட்டுப் பெரியவர் என் தாத்தாவை ஒரு நிமிடம் தன் பிள்ளை என்று தூக்கினார், அந்தப் பிள்ளை பிழைத்துக்கொண்டது, அதனால்தான் நான் இங்கே நிற்கிறேன், நன்றி என்று சொல்லி உட்கார்ந்தார்.

கை தட்டல் நிற்கவே இல்லை. பக்கத்தில் இருந்த பருத்த மனிதர் அப்பாவின் தோளை அணைத்துக்கொண்டார். செயலாளர் அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்து வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

“ஒரு நிமிடம் என்றாலும் பிள்ளை பிள்ளைதான். நீங்கள் எங்கள் ஆள்.”

அப்பா வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட வார்த்தை. வந்தேவிட்டது. அவர் முகம் சின்னப் பிள்ளை முகம்போல மலர்ந்ததைப் பார்த்தேன். ஓடி ஓடிக் களைத்தாலும் வீண்போகவில்லை என்று எனக்கும் தோன்றியது.

இந்தக் கதையைச் சங்கத்தின் இதழில் போட வேண்டும் என்றார் செயலாளர் அம்மா. பையிலிருந்து பேனாவை எடுத்தார். தோட்டத்தின் பெயர், துரை இருந்த காலம், தாத்தா எத்தனை வயது வரை இருந்தார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

“குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாரே, அதன் அப்பா. அவர் பெயர் என்ன?”

அப்பா என்னைப் பார்த்தார். எனக்கு எப்படித் தெரியும்? துரையின் பெயர், துரையின் பாட்டன் பெயர், அவர்கள் கடல் தாண்டிய கதை, எல்லாம் அந்த ஒரு வருடத்தில் எனக்கே மனப்பாடமாகியிருந்தது.

“அவர் மாடுகளைப் பார்த்துக்கொண்டவர்” என்றார் அப்பா ஆங்கிலத்தில்.

“சரி. பெயர்?”

அந்த அம்மா தவறாக ஒன்றும் கேட்கவில்லை. பேனாவோடு பொறுமையாகக் காத்திருந்தார். கேட்டு எழுதி அனுப்புகிறோம் என்று நான் சொல்லிவைத்தேன். அப்பா, போவோம் தாயி என்றார். கேக் வெட்டும் வரைக்கும்கூட இருக்கவில்லை.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் போட நிறுத்தினேன். இப்போதே அக்காவைக் கூப்பிடு என்றார் அப்பா. அங்கே காலை நேரம். அத்தை எடுத்ததும் விருந்து எப்படி என்று கேட்டார்.

“அக்கா, அந்த மாட்டுக்காரரு, தாத்தாவோட அப்பா. அவரு பேரு என்னாக்கா?”

“பேரா?” அத்தை யோசித்தார். “மாட்டுக்காரருன்னுதான் சொல்வாங்க. தாத்தாவும் எங்கப்பன்னு சொல்வாரே தவிர, பேரு சொன்ன ஞாபகம் இல்ல. பங்களாப் புள்ள பங்களாப் புள்ளன்னு எல்லாரும் தொரை கதையத்தானே கேப்பாங்க.”

“யாராவது பெரியவங்க இருப்பாங்கல்ல, கேட்டுச் சொல்லேன்.”

“எனக்கு மேல யாருடா இருக்கா? நான்தான் கடைசி.”

வண்டிகள் எங்களைக் கடந்து மெல்பேர்ன் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எனக்கு ஆத்திரம் வந்தது, யார் மேல் என்று தெரியாத ஆத்திரம். ஒரு நிமிடம் தூக்கியவருக்கு ஒரு சங்கமே இருக்கிறது. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, நடுங்கிக்கொண்டே அந்தப் படியேறி, பிறகு தவிட்டை அளந்து கொடுத்து மீட்டுக்கொண்டு இறங்கி வந்த மனிதருக்கு எங்களிடம் ஒரு சொல்லும் இல்லை.

அப்பா கைபேசியை மடியில் வைத்துக்கொண்டு முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாவியைத் திருப்பப் போனபோது என் கையைப் பிடித்தார்.

“செத்துப்போச்சே அந்தப் புள்ளைங்க, அதுங்களுக்குக்கூட ஆசையா ஒவ்வொரு பேரா வச்சிருப்பாரு தாயி” என்றார். “அவரு பேரு என்னான்னு நாம ஒருத்தருமே கேக்கலியே.”